குவாரிப் பக்கத்துப் போர்வெல்லில் பால் போலத் தண்ணீர்: ஜிப்சம் போடலாமா?

கேள்வி: உத்திரமேரூர் பக்கம் இரண்டரை ஏக்கர் நெல். 280 அடி போர். 600 மீட்டர் தள்ளிக் கல்குவாரி. சில மாதங்களாக, வெடி வைத்த மறுநாள் தண்ணீர் பால் போல வருகிறது. இலை நுனி கருகுகிறது, வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. உரக்கடைக்காரர் ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சமும், உப்பை முறிக்கும் திரவம் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். குவாரிக்காரர்களோ தண்ணீர் நன்றாக இருப்பதாக ஆய்வுத் தாள் காட்டுகிறார்கள். ஜிப்சம் போடலாமா ஐயா? பயமாக இருக்கிறது.

பதில்: ஜிப்சத்தை நிறுத்தி வையுங்கள். திரவத்தை வாங்கவே வேண்டாம்.

தண்ணீரில் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் மிகுந்திருந்தால்தான் ஜிப்சம் வேலை செய்யும். ஆய்வறிக்கையில் இது ஆர்.எஸ்.சி. என்று வரும். 1.25க்குக் கீழே இருந்தால் ஜிப்சம் தேவையில்லை, 2.5ஐத் தாண்டினால் கட்டாயம் வேண்டும். அப்போதும் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று போடக் கூடாது. குறைக்க வேண்டிய ஒவ்வொரு ஆர்.எஸ்.சி. புள்ளிக்கும் 1000 லிட்டருக்கு 86 கிராம் சுத்த ஜிப்சம். ஏக்கரில் 5 செ.மீ. நீர் கட்ட 2 லட்சம் லிட்டர் ஆகும். அப்படியானால் புள்ளிக்குப் பாய்ச்சலுக்கு 17 கிலோ. ஆர்.எஸ்.சி. இல்லாமல் இ.சி. (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) மட்டும் 2250ஐத் தாண்டியிருந்தால், ஜிப்சம் உப்பை இன்னும் கூட்டும். அறிக்கையைப் பார்க்காமல் 200 கிலோ எழுதிக் கொடுப்பது வைத்தியம் இல்லை, வியாபாரம். திரவமும் குழாயில் மாட்டும் காந்தக் கருவியும் அதே கதைதான். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் இ.சி. மீட்டரை வைத்துப் பாருங்கள், எண் அசையாது.

இனி அந்தப் பால் நிறம். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து மேலாக ஓரிரு நிமிடத்தில் தெளிந்தால் அது வெறும் காற்று. நீர்மட்டம் மோட்டார் வரை இறங்கி, மோட்டார் காற்றை இழுக்கிறது. மேலிருந்து தெளிந்து அடியில் மாவு போலப் படிந்தால், வெடி அதிர்வில் பாறை வெடிப்புகளிலிருந்து கலங்கி வந்த தூளும் களியும். காற்று என்றால் உங்கள் முதல் கவலை உப்பு இல்லை, நீர்மட்டம். குவாரிக் குழியின் தரை உங்கள் போரின் நீர்மட்டத்தை விடத் தாழ்ந்திருந்து, அவர்கள் குழித் தண்ணீரை இறைத்துக்கொண்டும் இருந்தால், பாறை வெடிப்புகள் வழியாக உங்கள் பக்கத்து நீர் அங்கே இறங்கும்.

அதனால்தான், தண்ணீர் ஆய்வுக்குப் பாட்டில் தூக்குவதற்கு முன் நோட்டு ஒன்று போடச் சொல்கிறேன். கேசிங் பைப் விளிம்பில் பெயின்டால் ஒரு குறி. இரவு முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்த பிறகு, காலையில் அந்தக் குறியிலிருந்து நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மாதம் இரண்டு முறை போதும், மழையளவையும் வெடி வைத்த நாளையும் பக்கத்திலேயே குறியுங்கள். நீர்மட்டம் இல்லாத ஆய்வறிக்கை பாதி அறிக்கைதான். குவாரிக்காரர் காட்டும் தாளில் எந்தக் கிணறு, எந்த மாதம், மட்டம் எத்தனை அடி என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் தாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மாதிரி மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்: குவாரிக்கு மேட்டுப் பக்கம் உள்ள ஒரு கிணறு, குவாரிக் குழித் தண்ணீர், உங்கள் போர். மேட்டுக் கிணற்றிலும் அதே உப்பு என்றால் அது நிலத்தடியிலேயே இருப்பது; குவாரியைக் குறை சொல்ல முடியாது. மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை.

போரில் தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஆறரை அங்குலப் போர் அடிக்கு 6.5 லிட்டர் கொள்ளும். 200 அடி நீர் நின்றால் 1300 லிட்டர். அதன் மூன்று மடங்கு ஓட வேண்டும், நிமிடத்துக்கு 150 லிட்டர் தரும் மோட்டார் என்றால் அரைமணி நேரம். 5 நிமிட இடைவெளியில் மூன்று முறை இ.சி. பாருங்கள், எண் நிலைத்த பிறகு, அதே தண்ணீரில் மூன்று தரம் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். குழியில் டீசல் மிதக்கிறதா என்று பார்க்க மட்டும் கண்ணாடி பாட்டில், அதை அலசக் கூடாது. அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டி அளவு கெடும்.

பி.எச்., இ.சி., ஆர்.எஸ்.சி., சோடியம், குளோரைடு, சல்பேட் ஆகியவற்றோடு நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் கட்டாயம் கேளுங்கள். குவாரி வெடிமருந்துகளில் பெரும்பங்கு அம்மோனியம் நைட்ரேட். சரியாக வெடிக்காத மிச்சம் குழியில் கரையும். ஆனால் உங்கள் யூரியாவும் மாட்டுக் கொட்டகையும்கூட நைட்ரேட் தரும். கொட்டகைக் கழிவு என்றால் குளோரைடும் சேர்ந்து ஏறும். நைட்ரேட் மட்டும் ஏறி, குழித் தண்ணீரிலும் மிகுந்து, மேட்டுக் கிணற்றில் குறைவாக இருந்தால் சந்தேகம் குவாரி மீது வலுக்கும். லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டிய தண்ணீரைக் குடிக்காதீர்கள். பயிர் தாங்கும், கைக்குழந்தை தாங்காது.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி பெற்ற குவாரி, ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அதையும் அனுமதிக்கு முன் எடுத்த நீர் ஆய்வையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பிறகு நோட்டோடு விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, கனிமவள உதவி இயக்குநருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் அனுப்புங்கள்.

இப்போதைக்கு வயலில் தேங்கிய நீரை வடித்துவிட்டு ஏரித் தண்ணீர் கிடைத்தால் அதைப் பாய்ச்சுங்கள். அறிக்கை வந்ததும் மூன்று மாதிரியின் எண்களையும் நீர்மட்ட நோட்டின் நகலையும் அனுப்புங்கள், ஜிப்சம் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.