கடல் பாலூட்டிகளின் உடலில் கதிரியக்கம்: கேள்வி பதில்

கேள்வி: திமிங்கிலக் கொழுப்பில் அணு உலைக் கழிவின் கதிரியக்கச் சீசியம் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகுமாமே?

கொழுப்பில் இல்லை, தசையில். சீசியம் பொட்டாசியத்தின் குடும்பம். அது போகும் இடத்துக்கே இதுவும் போகும், அப்புறம் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். சீசியம்-137இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) சுமார் 30 ஆண்டு என்றால் உடலிலும் அத்தனை காலம் தங்கும் என்று அர்த்தமில்லை. பிரிட்டனின் செல்லாஃபீல்ட் அணு எரிபொருள் ஆலை 1970களில் ஐரிஷ் கடலில் ஏராளமாகக் கழிவைவிட்டது. பின்னாளில் பிரிட்டன் கரையோரச் சீல்களின் தசையைச் சோதித்தபோது, ஆலையிலிருந்து தள்ளிப்போகப் போக சீசியம் குறைந்தது.

கேள்வி: ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு திமிங்கிலங்களில் சீசியத்தைக் கண்டுபிடித்தார்களா?

ஆம். 2011இல் ஹொக்கைடோ பக்கம் பிடித்த சில மிங்கி திமிங்கிலங்களில் கிலோவுக்கு 31 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரை சீசியம் இருந்தது. அன்றைய ஜப்பானிய உணவு வரம்பு 500. 2012 ஏப்ரலில் அதை 100 ஆக்கினார்கள். எந்த ஐசோடோப்பு (சீசியம்-137 போல ஒரு தனிமத்தின் குறிப்பிட்ட வகை), எந்த உறுப்பு என்று சொல்லாத பெக்கரல் கணக்கை நம்பாதீர்கள்.

கேள்வி: அலாஸ்கா சீல்களுக்கு முடி கொட்டிப் புண் வந்தது கதிரியக்கத்தால்தானே?

2011இல் வந்த அந்த நோய்க்கும் ஃபுகுஷிமாவுக்கும் தொடர்பிருப்பதாகச் சோதனைகளில் தெரியவில்லை.

கேள்வி: கொழுப்பில் சேரும் சீசியம் குட்டிக்குப் பால் வழியே போகுமா?

முதல் பதிலைப் படியுங்கள். கொழுப்பில் சேர்ந்து பால் வழியே குட்டிக்குப் போவது பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு ரசாயனம். அது கதிரியக்கப் பொருளே இல்லை, ஆனால் ஓர்க்காக்கள் (கொலைத் திமிங்கிலங்கள்) விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

கேள்வி: கதிரியக்கத்துக்கு வெள்ளையடிக்கிறீர்களா?

இல்லை. கடல் விலங்குகள் வாங்கும் கதிர்வீச்சு டோஸில் பெரும்பங்கு வழக்கமாக இயற்கையான பொலோனியம்-210இலிருந்து வருகிறது. உணவு வழியே வந்து கல்லீரலில் சேரும்.

கேள்வி (அவரே): இயற்கை என்றால் பாதுகாப்பா?

அப்படி எங்கே சொன்னேன்? பொலோனியம் போன்றவை விடும் ஆல்ஃபா கதிர் செல்லைத் தாக்கும்போது மூலம் ஆலையா பாறையா என்று பார்ப்பதில்லை. ஆலைக் கழிவு இதற்கு மேல் எவ்வளவு சேர்க்கிறது என்பதே கேள்வி. அணு உலைக் கழிவு வாய்க்கால் அருகே அது நிறைய, நடுக்கடலில் சொற்பம். இரண்டுக்கும் ஒரே பதில் கேட்டால் என்னிடம் இல்லை.

கேள்வி: ட்ரிட்டியம்?

அது கதிரியக்க ஹைட்ரஜன், பெரும்பாலும் தண்ணீராகவே வந்து தண்ணீராகவே போகும்.

கேள்வி: கரையொதுங்கிய டால்பின் எதனால் இறந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. வனத்துறையிடம் சொல்லுங்கள், உடற்கூறாய்வு கால்நடை மருத்துவர் வேலை.

கேள்வி: அப்படிக் கிடைத்த உடலில் எந்த மாதிரியை எடுப்பது?

சீசியத்துக்குத் தசை, ஸ்ட்ரான்சியம்-90க்கு எலும்பு, பொலோனியத்துக்குக் கல்லீரல். பொலோனியம்-210இன் அரை ஆயுள் 138 நாள்தான், அதனால் கல்லீரலை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எடுத்த தேதியை எழுதாமல் வரும் மாதிரியை நான் தொடமாட்டேன்.