முதல் மெடிட்டரேனியன் குரூஸ், கூடவே இரண்டு பிள்ளைகள்: ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் கம்பெனியின் டூரையே எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

அட்டவணையில் 'ரோம்' என்றுதான் இருக்கும், ஆனால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ. அது இன்னும் தூரம். இந்த இரண்டுக்கும் கப்பல் டூருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதித்தால் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

ரோமில் கொலோசியம், வாடிகன் அருங்காட்சியகம் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கொலோசியம் போதும். வாடிகன் அருங்காட்சியகம் பெரும்பாலான ஞாயிறுகளில் மூடியிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கும், டூர் தேவையில்லை. கரிபால்டி நிலையத்தில் சிர்கும்வெசுவியானா ரயில் ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் பாம்பேய், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரம். நிழல் குறைவு, தெருவெல்லாம் கரடுமுரடான கற்கள். குழந்தையின் தள்ளுவண்டி அங்கே வெறும் சுமை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

பார்சிலோனாவும் சுலபம். சக்ரதா ஃபமிலியா தேவாலய டிக்கெட்டை மட்டும் ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்காமலே இருங்கள். அன்று நீச்சல் குளம் காலியாகக் கிடக்கும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

இந்திய பாஸ்போர்ட் என்றால் இன்னொன்று: இத்தாலி, ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. நடுவில் அதற்கு வெளியே உள்ள துருக்கியோ துனிசியாவோ வந்தால், திரும்ப நுழைய வேண்டியிருக்கும் என்பதால், பலமுறை நுழைவுக்கான விசா வேண்டும்.