டி.எஸ்.ஆர்-2 பார்க்க எங்கே போகலாம்: காஸ்ஃபோர்டா, டக்ஸ்ஃபோர்டா?

கேள்வி: மகன் பர்மிங்காமில் எம்.எஸ்சி. படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது 1960-களில் பிரிட்டன் உருவாக்கிய டி.எஸ்.ஆர்-2 போர் விமானத்தையும் பார்த்துவிட ஆசை. இதற்கென ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். காஸ்ஃபோர்டு, டக்ஸ்ஃபோர்டு இரண்டு ஊர்களின் விமான அருங்காட்சியகங்களிலும் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகவும் படித்தேன். அங்கே நிற்பவை நிஜ விமானங்களா, வெறும் மாதிரிகளா? எங்கே போவது, எதைக் கவனிப்பது?

பதில்: காஸ்ஃபோர்டுக்குப் போங்கள். பர்மிங்காமிலிருந்து பக்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

இரண்டுமே தொழிற்சாலையில் செய்த நிஜ விமானங்கள்தான். ஆனால் இரண்டும் ஒரு முறைகூடப் பறந்ததில்லை. பறந்தது எக்ஸ்ஆர்219 என்ற ஒரே ஒரு விமானம். 1964 செப்டம்பர் 27 அன்று பாஸ்கோம்ப் டவுன் விமானத் தளத்திலிருந்து சோதனை விமானி ரோலண்ட் பீமாண்ட் அதை முதலில் ஓட்டினார். மொத்தம் 24 தடவை பறந்தது. 1965 ஏப்ரல் 6 அன்று நிதியமைச்சர் ஜேம்ஸ் காலகன் பட்ஜெட் உரையிலேயே திட்டம் ரத்து என்று அறிவித்துவிட்டார். அப்புறம் எக்ஸ்ஆர்219-ஐ ஷூபரினஸ் சுடுதளத்துக்குக் கொண்டுபோய், குண்டடி பட்டால் விமானம் எப்படிச் சேதமாகிறது என்று பார்க்கும் சோதனைக்கு இலக்காக நிறுத்தினார்கள். பாதி கட்டியிருந்த மற்ற உடல்களில் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போயின. நீங்கள் படித்தது இந்தக் கதையைத்தான். பறந்த ஒரே விமானத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு.

காஸ்ஃபோர்டில் இருப்பது எக்ஸ்ஆர்220, அதாவது இரண்டாவது விமானம். பாஸ்கோம்ப் டவுனில் கொண்டுவந்து இறக்கும்போதே டிரெய்லரோடு கவிழ்ந்து பக்கவாட்டில் சாய்ந்து அடிபட்டது. பழுது பார்த்து, முதல் பறப்புக்குத் தயாராக நின்றபோதுதான் அந்த ஏப்ரல் 6 வந்தது. பறக்க அனுமதி கிடைக்கவில்லை. ரத்தான பிறகும் கொஞ்ச காலம் தரையில் நிறுத்தியே என்ஜின் சத்தச் சோதனைகளுக்கு ஓட்டினார்கள். எனவே இது முழுதாகக் கட்டி முடித்த விமானம். டக்ஸ்ஃபோர்டில் உள்ள எக்ஸ்ஆர்222 அப்படியல்ல. கட்டி முடிக்கும் முன்பே நின்றுபோனது. கிரான்ஃபீல்டு கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடப்பொருளாக இருந்துவிட்டு, பிற்பாடு டக்ஸ்ஃபோர்டுக்கு வந்து மராமத்துப் பார்க்கப்பட்டது. உள்ளே நிறையப் பாகங்கள் கிடையாது. ஒரு நாள்தான் என்றால் முழுசாக இருப்பதைப் பார்ப்பதே சரி.

சரி, எதைக் கவனிப்பது? மூக்குப் பக்கம் நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் போய் இறக்கையைப் பாருங்கள். விமானத்தின் நீளம் 89 அடி, ஆனால் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெறும் 37 அடி. நம்முடைய தேஜஸ் விமானத்தை விட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம், ஆனால் இறக்கை பத்தடிதான் அதிகம். எதிரி ரேடாரில் சிக்காமல் தரையிலிருந்து சுமார் 200 அடி உயரத்தில், ஒலியை மிஞ்சும் வேகத்தில் போக வேண்டிய விமானம் இது. அந்த உயரத்தில் காற்று ஓயாமல் அலைக்கழிக்கும். இறக்கை பெரிதாக இருந்தால் ஒவ்வொரு காற்றடியும் விமானியின் முதுகெலும்பில் தெரியும். அதனால்தான் இறக்கையைச் சுருக்கினார்கள்.

ஆனால் சின்ன இறக்கையை வைத்துக்கொண்டு குட்டை ஓடுபாதையில் மெதுவாக இறங்குவது எப்படி? இறக்கையின் பின்விளிம்பைக் கவனியுங்கள், முழு நீளத்துக்கும் ஃபிளாப்தான், அதாவது இறங்கும்போது கீழே மடங்கும் தகடு. என்ஜினிலிருந்து அழுத்தக் காற்றை எடுத்து அதன் மேல் ஊதி, தூக்குவிசையைக் கூட்டினார்கள். அத்தனை இடத்தையும் ஃபிளாப்பே எடுத்துக்கொண்டதால், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரானுக்கு இடமில்லை. அந்த வேலையை வால் இறக்கைகளிடம் கொடுத்துவிட்டார்கள். வாலுக்குப் போய்ப் பாருங்கள். இரு பக்கத் தகடுகளும் முழுசாகத் திரும்பும். நிமிர்ந்து நிற்கும் துடுப்பும் அப்படித்தான், தனியாக ஒரு சுக்கான் கிடையாது. ஒரு தேவை அடுத்ததை இழுத்து, அது இன்னொன்றை இழுத்து, கடைசியில் இந்த உருவம் வந்திருக்கிறது. மகன் இன்ஜினியரிங் மாணவன் என்றால் இந்த இடத்தில் அரைமணி நேரம் நிற்பான்.

அப்புறம் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பிரதான காலிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெரிய டயர். கரடுமுரடான தளத்திலும் இறங்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. மடக்கும்போது இந்த ஜோடி திரும்பி உடலுக்குள் அடங்க வேண்டும். திட்டத்தைப் படாதபாடு படுத்தியது இந்தக் கால்தான். ஐந்தாவது பறப்பில் மடக்கிப் பார்த்தபோது சக்கர ஜோடி சரியான நிலைக்குத் திரும்பவில்லை. பீமாண்டும் நாவிகேட்டர் டான் போவனும் வெளியே குதிக்காமல், அப்படியே மெத்தென்று இறக்கினார்கள். பத்தாவது பறப்பில்தான் மடக்குவது ஒழுங்காக நடந்தது. தரை தொட்டதும் விமானி அறையை உலுக்கிய அதிர்வு அதற்குப் பிறகும் தொல்லை கொடுத்தது.

டக்ஸ்ஃபோர்டுக்கும் ஒரு பெருமை உண்டு. அங்கே ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் சோதனை விமானம் ஒன்றும் இருக்கிறது. டி.எஸ்.ஆர்-2-க்காக வளர்த்தெடுத்த ஒலிம்பஸ் என்ஜினின் வாரிசுதான் கான்கார்டைத் தூக்கியது. இன்னொரு நாள் கிடைத்தால் அதற்காகவே போகலாம். ஆனால் அது கேம்பிரிட்ஜ் பக்கம். பர்மிங்காமிலிருந்து போய்வரவே நாள் சரியாகிவிடும், நுழைவுக் கட்டணமும் உண்டு.

காஸ்ஃபோர்டில் நுழைவு இலவசம், காரில் போனால் பார்க்கிங்குக்கு மட்டும் கட்டணம். ரயிலே நல்லது. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து ஷ்ரூஸ்பரி போகும் வண்டியில் ஏறி காஸ்ஃபோர்டில் இறங்கினால் அருங்காட்சியகம் நடக்கும் தூரம்தான். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தின் இப்போதைய பெயர் ஆர்.ஏ.எஃப். மியூசியம் மிட்லண்ட்ஸ், இணையத்தில் அந்தப் பெயரில் தேடுங்கள். விமானங்களை அவ்வப்போது கூடம் மாற்றுவார்கள். டி.எஸ்.ஆர்-2 எந்தக் கூடத்தில் இருக்கிறது, அது அன்று திறந்திருக்குமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.