சுருட்டை முடியைக் குறைந்த செலவில் பராமரிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன், சுருட்டை முடி காய்ந்து பம்மென்று நிற்கிறது, விலை கூடிய கிறீம் வாங்க வசதியில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள். நம்முடைய நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் முடியிலும் படிந்து சொரசொரப்பாக்குகிறது. மாரியில் மழைநீரைப் பிடித்து மூடி வைத்து, கடைசி அலசலுக்கு மட்டுமாவது எடுங்கள். மற்றக் காலத்தில் ஒரு ஜக் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி விட்டு ஊற்றி, பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

தலைத்தோலில் தானாக ஊறும் எண்ணெய் சுருள்களின் வளைவு தாண்டி நுனிவரை இறங்காது. அதனால் முழுகுவதற்கு முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெயை நுனியில்தான் கூடுதலாகத் தடவ வேண்டும். ஷாம்பு வாரம் ஒருமுறை போதும், அதுவும் தலைத்தோலுக்கு மட்டும்.

கண்டிஷனருக்குப் பதில் எனக்குப் பிடித்தது செவ்வரத்தை இலை. பத்துப் பதினைந்து இலையைத் தண்ணீருக்குள் கசக்கினால் வழுவழுவென்று பச்சைக் கூழ் வரும். துணியில் கட்டாயம் வடியுங்கள். இல்லாவிட்டால் இலைத்துணுக்குகள் சுருளுக்குள் சிக்கி இரண்டு நாளைக்குப் பொறுக்க வேண்டிவரும். அந்த வழுவழுப்பு இருக்கும்போதே, நுனியிலிருந்து மேலாக, அகலப்பல் சீப்பால் சிக்கெடுங்கள். காய்ந்த பிறகு சீப்பே வேண்டாம்.

அப்புறம், துவாயால் தேய்க்காதீர்கள். பழைய பருத்தி டீசேர்ட்டால் ஒற்றி எடுத்து, காற்றில் காயவிடுங்கள்.