புது பாயிண்ட் போட்டதும் புல்லட் கிக்கர் திருப்பி அடிக்கிறதா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா ஓட்டிய 1986 மாடல் புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. பாயிண்ட் தேய்ந்துவிட்டதால் புதிது வாங்கி நானே மாட்டினேன். அன்றிலிருந்து கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. மிண்ட் மேம்பாலம் ஏறும்போது இஞ்சினில் டிக்டிக்கென்று சத்தம் வேறு. டைமிங்கை நானே வைக்க முடியுமா?”

முடியும். உங்கள் வண்டி திருவொற்றியூரில் செய்தது. அந்தக் காலத்து இஞ்சின், கைக்கு அடங்கும். ஆனால் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, தொடுவதற்கு முன் பாயிண்ட் கேப்பை, அதாவது பாயிண்ட்டின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாயிண்ட் என்பது மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் ஒரு ஸ்விட்ச். அது திறக்கிற அந்த நொடியில்தான் பிளக்கில் தீப்பொறி விழுகிறது. கேப் அதிகமாக இருந்தால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், தீப்பொறியும் முந்திக்கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் எரிந்து அதைக் கீழே தள்ளப் பார்க்கும். கிக்கர் திருப்பி அடிப்பதும், ஏற்றத்தில் கேட்கும் சத்தமும் இதனால்தான். ஆக, கேப்பை மாற்றினாலே டைமிங்கும் மாறிவிடும். கேப்பைச் சரி செய்யாமல் டைமிங் வைப்பது வீண் வேலை. பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கேஜ் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், இறுகக் கூடாது.

அப்புறம் பாயிண்ட்டைத் திறந்து மூடும் கேமை விரலால் பிடித்து, அது சுற்றும் திசையில் லேசாகத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் அதை வெடுக்கென்று பழைய இடத்துக்கே இழுக்க வேண்டும். பாயிண்ட் தட்டுக்கு அடியில் இருக்கிற எடைகள், வேகம் கூடக் கூட டைமிங்கைத் தானாக அட்வான்ஸ் செய்பவை. அவை துருப்பிடித்து விரிந்தபடியே நின்றுவிட்டால் நீங்கள் எப்படி வைத்தாலும் கிக்கர் அடிக்கும். கடற்காற்று வீசும் நம் பக்கம் இது அடிக்கடி நடக்கும். காசிமேட்டில் மீன் வியாபாரி ஒருவரின் புல்லட்டைத் திறந்தபோது எடைகள் செம்மண் பூசியதுபோல் இருந்தன. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் விட்டதும் வண்டி முதல் கிக்கிலேயே எழுந்தது. டைமிங்கை நான் தொடவே இல்லை.

இப்போது டைமிங்குக்கு வரலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுற்றினால் இஞ்சினும் சுற்றும். பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும் கட்டம். இது முக்கியம், ஏனென்றால் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வந்தால் ஒரு தடவைதான் அது வேலைக்கான டாப் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்). சந்தேகமாக இருந்தால் டாப்பெட் மூடியைத் திறந்து, வால்வுகளைத் திறக்க உதவும் புஷ் ராடுகளைத் தொட்டுப் பாருங்கள். கம்ப்ரஷன் டாப்பில் இரண்டுமே விரலுக்குச் சுலபமாகச் சுழலும்.

ஒரு சைக்கிள் ஸ்போக்கைப் பிளக் ஓட்டை வழியாகப் பிஸ்டன் மேல் நிறுத்துங்கள். ஓட்டை சாய்வாக இருப்பதால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள், கம்பி சிக்கக் கூடாது. டாப்பில் ஸ்போக்கில் ஒரு கோடு. பிறகு சக்கரத்தை நன்றாகப் பின்னால் திருப்பி, திரும்பவும் முன்னோக்கிக் கொண்டுவந்து டாப்புக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பாக நிறுத்துங்கள். கடைசி அசைவு எப்போதும் முன்னோக்கியே இருக்கட்டும். இல்லாவிட்டால் செயினிலும் பல்சக்கரத்திலும் இருக்கும் தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும்.

பாயிண்ட் திறக்கும் தருணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. வண்டியின் வோல்ட்டுக்குப் பொருந்தும் சின்ன பல்பை எடுத்து ஒரு வயரைப் பாயிண்ட்டின் கண்டன்சர் (சிறு மின்தேக்கி) இணைப்பிலும் இன்னொன்றை இஞ்சின் உடம்பிலும் வையுங்கள். சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு அணைந்திருக்கும், திறந்த கணம் எரியும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரும் இதையே சொல்லும்: மூடியிருக்கையில் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்திருக்கும் முள், திறந்ததும் நடுவுக்கு வரும். ஆனால் நுணுக்கத்துக்குப் பல்புதான் நல்லது. பாயிண்ட் தட்டின் பிடியைத் தளர்த்தி, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள். கேம் சுற்றும் திசையிலேயே தட்டை நகர்த்தினால் டைமிங் தாமதமாகும். எதிர்த்திசையில் நகர்த்தினால் முந்தும். இறுக்கும்போது தட்டு நகர்ந்துவிடுவது வழக்கம், அதனால் இன்னொரு சுற்று சுற்றிப் பாருங்கள். வேலைக்கு நடுவே சாவியைப் போட்டபடியே விட்டு எழுந்து போகாதீர்கள், காயில் சூடாகிக் கெட்டுவிடும்.

ஷூ போட்டுக்கொண்டு, முழங்காலை விறைக்காமல் கிக் அடியுங்கள். அப்புறம் அதே மிண்ட் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறிப் பாருங்கள். டிக்டிக் சத்தம் மிச்சமிருந்தால் தட்டை மயிரிழை அளவு தாமதமாக்குங்கள். இழுவை இல்லாமல் இஞ்சின் கொதித்து, சைலன்சர் வளைவு நீலம் பாய்ந்தால் அளவுக்கு மேல் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் முந்த வையுங்கள். மூடியைப் போடுமுன் கேம் மேல் அரிசியளவு கிரீஸ் தடவ மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து கேப் குறையும், டைமிங் தானாகப் பின்வாங்கும்.