மனச்சோர்வும் வீட்டாரும்: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேள்வி பதில்

மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நான், இந்த வாரம் வந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வர்த் வாசகி: என் கணவர் மூன்று மாதமாகக் கட்டிலிலேயே கிடக்கிறார், குளிப்பதும் இல்லை. "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். எப்படித் தேற்றுவது?

பதில்: அந்தக் கேள்வியை இனிமேல் கேட்காதீர்கள், அம்மா. குறையொன்றும் இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்று அவரே தம்மைக் குடைந்துகொண்டிருப்பார். நீங்களும் கேட்டால் அந்தக் குற்ற உணர்வுதான் கூடும். மனச்சோர்வு சோம்பலன்று, நோய். சோர்வும் தூக்கக்கேடும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரிடம் காட்டவேண்டும். நீங்கள் மூன்று மாதம் பொறுத்துவிட்டீர்கள்.

"போய்க் குளியுங்கள்" என்பது நமக்கு ஒரு வேலை. அவருக்கோ எழுவது, துண்டைத் தேடுவது, மாற்றுச் சட்டை எடுப்பது என அது பத்து வேலை. ஆகவே துண்டையும் சட்டையையும் குளியலறையில் வைத்து, வெந்நீரைத் திறந்துவிட்டு வந்து கூப்பிடுங்கள். முகம் மட்டும் கழுவினாலும் அன்றைக்கு அது போதும். மருத்துவரிடம் நீங்களே நாள் குறித்து, உடன் செல்லுங்கள். முதலில் குடும்ப மருத்துவரோ அருகிலுள்ள கிளினிக்கோ போதும். அங்கே அவர் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார் என்பதால், எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

டோங்காட் வாசகர்: மனைவி மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகியும் பயனில்லை. கண் திருஷ்டிதான், மாத்திரையை நிறுத்து என்கிறார் அம்மா.

பதில்: திருஷ்டி கழியுங்கள், மாரியம்மனுக்கும் வேண்டிக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். குமட்டல் போன்ற தொல்லைகள் முதலில் வரும், பலன் பின்னால்தான் வரும். மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரமும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரமும் ஆகலாம். தேறிய பிறகும் வழக்கமாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை இதனுடன் சேர்க்கவே கூடாது. புரட்டாசிக்கு இறைச்சியை விடுவதால் மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது (இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள்).

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: "இருந்து என்ன பயன்" என்கிறான் தம்பி. வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவேனோ?

பதில்: தூண்டாது. "சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று இன்றே நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 0800 567 567 என்ற இலவச உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். எப்படிச் செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தால், தாமதிக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகி: அக்காவைக் கவனித்தே நான் ஓய்ந்துவிட்டேன். சில நாள் அவள்மேல் எரிந்து விழுகிறேன்.

பதில்: ஒருவரே சுமந்தால் அப்படித்தான் ஆகும். உறவினர் பத்துப் பேர் பிரியாணிச் சட்டியோடு வந்து கூடத்தில் அமர்ந்து பேசிவிட்டு, "எது வேண்டுமானாலும் சொல்" என்று கிளம்பிவிடுவார்கள். அடுத்த முறை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "சித்தி, சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அக்காவோடு இருங்கள், நான் தூங்கவேண்டும்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லியே கேளுங்கள்.