வலியுறுத்தினார்களா, வற்புறுத்தினார்களா, கட்டாயப்படுத்தினார்களா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 74 வயது. அரை ஏக்கர் தேயிலையைப் பெரிய மகன் பேருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது அழுகிறார். ஊட்டியில் திங்கட்கிழமை மனுநாளில் கொடுப்பதற்காக, ‘மகனும் மருமகளும் வலியுறுத்தியதால் கையெழுத்திட்டேன்’ என்று எழுதினேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதை ‘வற்புறுத்தியதால்’ என்று திருத்தினார். இன்னொருவர், ‘கட்டாயப்படுத்தி’ என்று போட்டால்தான் எடுபடும் என்கிறார். பாட்டியோ, ‘தினம் சாயங்காலம் வந்து உக்காந்துக்கிட்டாங்க, போட்டாத்தான் எந்திரிப்போம்னாங்க’ என்கிறார். எந்தச் சொல் சரி?

பதில்: மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் மூன்றும் ஒரே செயலைச் சொல்பவை அல்ல.

‘வலியுறுத்து’ என்பதை முதலில் விட்டுவிடலாம். அது விஷயத்தின் மேல் போகும் சொல். ஆளின் மேல் போகாது. ‘பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு’ என்று குன்னூர்ச் சுவரில் ஒட்டும் சுவரொட்டியில், கடைசி வரி ‘வலியுறுத்தி ஆர்ப்பாட்டம்’ என்றுதான் முடியும். கோரிக்கையை வலியுறுத்தலாம், கருத்தை வலியுறுத்தலாம். ‘அம்மாவை வலியுறுத்தினார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே இடறும். ‘அம்மாவிடம் வலியுறுத்தினார்கள்’ என்றால் வாக்கியம் நிற்கும். ஆனால் மகன் ஏதோ நல்ல யோசனையை அழுத்திச் சொன்னது போல ஆகிவிடும். உங்கள் மனுவில் அது பாட்டிக்கு எதிராகவே வேலை செய்யும்.

‘வற்புறுத்து’ ஆளின் மேல் போகும். வாத்தியார் திருத்தியது அதனால்தான், திருத்தமும் சரியே. ஆனால் இந்தச் சொல்லுக்குள் பாசமும் உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் இலையை மூடப்போனால் கையைப் பிடித்து, ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று பாயசம் ஊற்றுவார்களே, அதையும் ‘வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்கள்’ என்றுதான் சொல்கிறோம். பழைய வழக்கில் இன்னும் மென்மை. சங்க அகப்பாடல்களின் அடியில் உள்ள குறிப்புகளில் ‘வற்புறுத்தும் தோழி’ அடிக்கடி வருவாள். அவள் யாரையும் நெருக்கவில்லை. தலைவன் வராமல் வாடுகிறவளிடம் ‘வந்துவிடுவான், பொறுத்திரு’ என்று மனத்தைத் திடப்படுத்துகிறாள். வற்பு என்றால் உறுதி. அதை ஒருவர் மனத்தில் உறச் செய்வதே வற்புறுத்தல். தேற்றுகிற சொல் எப்படியோ நெருக்குகிற சொல்லாகிவிட்டது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் எப்படி ஆகிவிடுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இன்றும் வற்புறுத்தலில் மறுக்க ஒரு சந்து மிச்சம் இருக்கிறது. ‘எவ்வளவோ வற்புறுத்தியும் வரவில்லை’ என்பது சகஜமான பேச்சு. ‘கட்டாயப்படுத்து’ என்றால் அந்தச் சந்தும் அடைபட்டது, வேறு வழியில்லை என்று பொருள். ஆகவே பாட்டியின் நிலைமைக்கு அது நெருங்கி வருகிறது. ஒரு எச்சரிக்கை: ‘கட்டாயம் கையெழுத்துப் போட்டேன்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘கட்டாயம் வந்துடுங்க’ என்று பத்திரிகை வைத்து அழைக்கும்போது சொல்கிறோமே, அந்த ‘நிச்சயமாக’ என்ற பொருள் வந்துவிடும். ‘கட்டாயத்தால்’ அல்லது ‘கட்டாயப்படுத்தியதால்’ என்று இருக்கட்டும். நிர்ப்பந்தம் பெரும்பாலும் சூழ்நிலையின் தலையில் பழியைப் போடும் சொல். பலவந்தம் என்றால் கையைப் பிடித்து இழுத்தது போல. நடக்காததை எழுத வேண்டாம்.

அப்புறம், ‘கட்டாயப்படுத்தப்பட்டேன்’ என்றும் எழுதாதீர்கள். யார் செய்தார் என்பது அந்த வினைக்குள் காணாமல் போய்விடும்.

கடுமையான சொல்லைப் போட்டால் எடுபடும் என்றவர் பாதி சரி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. 15ஆம் பிரிவு சொல்லும் கட்டாயப்படுத்தல் என்பது குற்றச் சட்டம் தடுத்த செயலைச் செய்வது அல்லது செய்வதாக மிரட்டுவது, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பது அல்லது அப்படி மிரட்டுவது. 16ஆம் பிரிவு வேறு: ஒருவர் மனத்தை ஆட்டிவைக்கக்கூடிய இடத்தில் இருப்பவர், அந்த இடத்தைப் பயன்படுத்தி ஆதாயம் அடைவது. இதைத் தகாத செல்வாக்கு என்பார்கள். வயதாலோ நோயாலோ மனம் தளர்ந்தவர்களை இந்தப் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. தினமும் வந்து உட்கார்ந்துகொண்ட கதை, மிரட்டல் எதுவும் இல்லாவிட்டால், இரண்டாவது வகைக்குத்தான் பக்கம். இன்னொன்றும் கேளுங்கள்: ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது பார்க்கவில்லையா? அப்படியானால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உதவலாம். கோத்தகிரிக்காரர்கள் அதற்குக் குன்னூர் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

என் யோசனை, ஒற்றைச் சொல்லை நம்பாமல் பாட்டி சொன்னதையே எழுதுவது. இப்படி:

‘என் மூத்த மகனும் மருமகளும் தினமும் மாலையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, கையெழுத்துப் போட்டால்தான் எழுந்து போவோம் என்றார்கள். இப்படிக் கட்டாயப்படுத்தியதால், எனக்கு விருப்பமில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.’

எத்தனை நாள் வந்தார்கள், பத்திரப்பதிவுக்கு யார் கூட்டிப்போனார்கள், அங்கே படித்துக் காட்டினார்களா என்று கேட்டுத் தேதியோடு சேருங்கள்.

எழுத்துப்பிழை ஒன்று: ‘வற்ப்புறுத்தி’ என்று பலர் எழுதுகிறார்கள். ற் வந்தபின் இன்னொரு ஒற்று வராது, ‘வற்புறுத்தி’ போதும்.